நடை சாத்தும் நேரம்

என் அப்பாவுக்குக் கடல் பிடிக்காது. உப்புத் தண்ணீரில் என்ன இருக்கிறது, காலெல்லாம் மணல் ஒட்டும், செருப்பு பாழாகும் என்பார். அப்படிப்பட்டவர் கோயில் பயணத்துக்குப் போட்ட திட்டத்தில் நாளுக்கொரு கடற்கரையைச் சேர்த்தார் என்றால், அம்மா மேல் பிரியம் பொங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கோயில்களை மதியம் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்கச் சாயங்காலம் ஆகும். அந்த வெட்டி நேரத்தில் உடம்பு சரியில்லாத ஒருத்தியை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் அவர் கவலை.

அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எழுதி எழுதியே தலை நரைத்தது. டிப்போவில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள். சமையலறை மேசையில் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இடது பக்கம் கோயில், வலது பக்கம் நேரம் என்று நிரப்பிக்கொண்டு வந்தவர், ஒவ்வொரு நாளின் நடுவிலும் ஒரு ஓட்டை விழுவதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மத்தியானம் பூரா சாத்தியிருந்தா நாம எங்கதான் நிக்கிறது?"

கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "கடலுக்கு நடை சாத்த மாட்டாங்க இல்ல?"

அவள் அதிகம் எதற்கும் ஆசைப்பட்டுப் பார்த்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஆயாவாக வேலை பார்த்தவள். அடுத்தவர் பிள்ளைகளைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தே காலம் போய்விட்டது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்தாளாம். பஸ் கிளம்பிவிடும் என்று அப்பா அவசரப்படுத்தியதில் கால்கூட நனைக்கவில்லையாம். அதை அவள் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

அப்பா ஓட்டைகளில் எல்லாம் கடல், கடல், கடல் என்று எழுதினார். பிடிக்காத மருமகனைப் பந்தியில் உட்கார வைப்பதுபோல வேண்டாவெறுப்பாக எழுதினார்.

பயணம் எதற்கென்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வயிற்றில் வெட்டி எடுத்த கட்டி, ஈரலில் போய் மறுபடி முளைத்திருந்தது. கடைசியாகப் போனபோது டாக்டர் ஸ்கேன் படத்தை உறைக்குள் திருப்பிப் போட்டுவிட்டு, "அம்மாவுக்குப் பிடிச்சதெல்லாம் குடுங்க, பத்தியம் எல்லாம் வேண்டாம்" என்றார்.  வெளியே வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இந்த வார்த்தைய எத்தனை பேருக்கு சொல்லிக் கேட்டிருக்கேன் தெரியுமா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த கோடை வரைக்கும் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் பிறகு என்னையும் அப்பாவையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்பா அசரவில்லை. கீழே இருக்கிற ஆபீசில் காரியம் நடக்கவில்லை என்றால் மேலே இருக்கிற ஆபீசுக்குப் போவதுதானே முறை. ஒரு கோயில் விடாமல் ஏறி இறங்கிக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு சாமி இல்லாவிட்டால் இன்னொரு சாமி கையெழுத்துப் போடாமலா போய்விடும்?

வண்டி என்னுடையது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் மஞ்சள் வேன். லீவு விட்டால்தான் அதை வேறு எங்கும் எடுக்க முடியும். அம்மாவுக்கும் ஊசி போட்ட அசதி தீர்ந்து, உட்காரத் தெம்பு வரவேண்டும். ஆகவே லீவுக்காகக் காத்திருந்தோம். அங்கேதான் பெரியப்பா குறுக்கே வந்தார்.

பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். தாத்தா சீக்கிரம் போய்விட்டதால் அப்பாவைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். படிக்க வைத்து, டிப்போவில் யார் யார் காலிலோ விழுந்து வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். இப்போது பக்கவாதம் வந்து, மகன் வீட்டில் ஒரு பக்கம் செயலிழந்து கிடந்தார். அப்பா வாரம் தவறாமல் போய் அவருக்கு முகம் மழித்துவிட்டு வருவார்.

பெரியப்பாவுக்கு ஏதாவது ஆனால் எங்களுக்குப் பங்காளித் தீட்டு. எங்கள் குடும்ப வழக்கப்படி ஒரு வருஷம் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. அம்மாவிடம் ஒரு வருஷம் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன வருகிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே காலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காபி டம்ளரோடு அறை வாசலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பெரியப்பாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு, பாதிக் கன்னத்தில் சோப்பு நுரை இருக்க, அப்பா கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கொஞ்சம் பொறுத்துக்கண்ணா. லீவு விட்டுரட்டும். நான் போயிட்டு ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கண்ணா."

பெரியப்பாவுக்குப் புரிந்ததோ என்னவோ. அசைகிற பாதி வாயால் ஏதோ செய்தார். அது சிரிப்புபோல இருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சாகக் கிடக்கிறவரிடம்கூட டைம் டேபிள் போடுகிற மனிதர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

லீவு விட்டார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் பெரியப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று செய்தி வந்தது. அப்பா தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துவிட்டு, என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவை ஒருக்களித்தார்.

"தீட்டுங்கறது காதுல விழுந்தாத்தான். விழற வரைக்கும் தீட்டு இல்ல. பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"அதனால?"

"போன் எல்லாத்தையும் நீ வெச்சுக்க. என்ன சேதி வந்தாலும் திரும்பி வர்ற வரைக்கும் என்கிட்டயோ அம்மாகிட்டயோ சொல்லாத."

"ஏன், எனக்குக் காது இல்லையா? எனக்கு மட்டும் ஒட்டாதா?"

அப்பா தரையைப் பார்த்தார். "நீ கட்டிக் குடுத்த பொண்ணு. உனக்குப் பங்காளித் தீட்டு கெடையாது. உன் காது வேற வீட்டுக் காது."

அந்த வேறு வீட்டிலிருந்து நான் ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தவள். அந்த வீட்டுக்காரன் என்னை வேண்டாம் என்று சொல்லி, கோர்ட்டும் சரி என்று சொல்லி, எல்லாம் முடிந்து காலமாகிறது. அதைப் பற்றி அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பாவம், பேசத் தெரியவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக வாயைத் திறந்தது இதற்குத்தான்.

"ஊரு வாழாவெட்டின்னு சொல்றப்ப நான் இந்த வீட்டுப் பொண்ணு. தீட்டுன்னு வந்தா மட்டும் அந்த வீட்டுப் பொண்ணாப்பா?"

"கத்தாத. அம்மா தூங்கறா."

அம்மா தூங்கவில்லை. கேட்க வேண்டிய பேச்சு நடக்கிறபோது கண்ணை மூடிக்கொள்வது அவள் வழக்கம். ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டது.

பிறகு அவரே பெரியப்பா மகனுக்குப் போன் செய்தார். பேட்டரிக் கடை வைத்திருக்கும் அண்ணன் அவன், சத்தமாகப் பேசிப் பழகியவன். அவன் கத்தியது எனக்கே கேட்டது. "எங்க அப்பா செத்தா உங்களுக்குச் சொல்லக் கூடாதா சித்தப்பா? நீங்க பேசறது உங்களுக்கே நல்லா இருக்கா?"  அப்பா போனை அணைத்து என் கையில் வைத்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்கிருந்த கோபத்தை அப்போது என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். வேனின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டு அம்மாவைப் படுக்க வைத்திருந்தேன். ஜன்னல் கண்ணாடியில் பிள்ளைகள் ஒட்டிய பூனை ஸ்டிக்கரை அவள் விரலால் தடவிக்கொண்டே வந்தாள். அப்பா முன்னால் என் பக்கத்தில், மடியில் காலண்டர் தாளோடு உட்கார்ந்திருந்தார். போன் எனக்கு முன்னால் கிடந்தது. அது அடிக்கும்போதெல்லாம் துண்டை எடுத்து இரண்டு காதிலும் பொத்திக்கொண்டு வெளியே மரங்களைப் பார்ப்பார். ஒரு தடவை சீட்டுக் கம்பெனிக்காரன், ஒரு தடவை காஸ் வந்திருக்கிறது என்று சொன்னவன். நான் பேசி முடித்த பிறகு, துண்டை இறக்காமலே கண்ணால் கேட்பார். நான் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டுவேன். பின்னாலிருந்து அம்மா, "காஸ்காரன் சொன்னாக்கூடத் தீட்டாங்க?" என்றாள்.

முதல் கோயில் கடலோரச் சாலையில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. நடை சாத்த இன்னும் நேரம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டோம். அப்பாவுக்கு ஏக திருப்தி. "பாத்தியா, கரெக்டா வந்துட்டோம்" என்று தாளில் ஒரு கோடு போட்டார். அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி, வாசல் கல்லில் உட்கார வைத்தோம். வேனில் வந்த வழியிலேயே பாதி தெம்பு போயிருந்தது அவளுக்கு. புடவை தோளில் நிற்காமல் வழிந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக இருந்த குழாயடிக்குக் கால் கழுவப் போனார்.

அப்போதுதான் போன் வந்தது.

அண்ணன்தான். இந்தத் தடவை கத்தவில்லை. பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. "அப்பா போயிட்டாரும்மா. காலையில. இருட்டறதுக்கு முன்னாடி எடுத்துடுவோம், அதுக்கு மேல வெச்சிருக்க முடியாதுங்கறாங்க. சித்தப்பாவுக்குச் சொல்றதும் சொல்லாததும் உன் பாடு. என் கடமைக்குச் சொல்லிட்டேன்." வைத்துவிட்டான்.

வண்டியைத் திருப்பினால் இருட்டுவதற்கு முன் போய்விடலாம். திருப்பாவிட்டால் அம்மாவுக்காக அப்பா எல்லாக் கோயிலும் ஏறலாம். இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டு அவர் கால் கழுவிக்கொண்டிருக்கிறார். இந்த அப்பாவை மன்னிக்கவே கூடாது என்று தோன்றியது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு காலைக் கழுவிவிட்டு, கழுவாத கால் குழாய்க்குக் கீழே இருக்க, தண்ணீர் அது பாட்டுக்கு ஓட, அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். துண்டு தோளிலேயே இருந்தது. காதைப் பொத்த மறந்துவிட்டார்.

"யாரு?"

சொல்லாதே என்று சொன்னவர் அவர். நானும் சொல்லக் கூடாது என்றுதான் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டேன். வண்டி ஏன் லேட் என்று கேட்கிற பெற்றோரிடம் தினமும் பொய் சொல்கிறவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

"ஸ்கூல்லேருந்துப்பா."

அப்பா தலையை ஆட்டினார். குழாயை மூடப் போனவர் கையைப் பாதியில் நிறுத்தினார்.

"லீவு விட்டாச்சேம்மா" என்றார்.

 எந்த வண்டி எந்த நாளில் ஓடாது என்று ஆயுள் முழுக்க எழுதியவரிடம் போய் இந்தப் பொய்யைச் சொன்னேனே. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வங்கி என்று சொல்லியிருக்கலாம், தப்பான நம்பர் என்று சொல்லியிருக்கலாம். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

குழாயை மூடினார். கழுவிய காலையும் கழுவாத காலையும் துண்டால் ஒரே மாதிரி துடைத்தார். திரும்பி வந்து, வாசலில் விட்ட செருப்பை மாட்டிக்கொண்டார்.

"என்னங்க?" என்றாள் அம்மா.

"நடை சாத்திட்டாங்க."

உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது. பெரிய கதவு விரியத் திறந்து கிடந்தது. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் எங்களைத் தாண்டி உள்ளே போனது. கர்ப்பகிரகத்து இருட்டுக்குள் கற்பூரம் காட்டுவதுகூட நாங்கள் நிற்கிற இடத்திலிருந்து தெரிந்தது. அம்மா கதவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"கடிகாரம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "அப்ப கடலுக்குப் போவோம்."

கடல் கோயிலுக்குப் பின்னாலேயே இருந்தது. அழகான கடற்கரை ஒன்றும் இல்லை. கிழிந்த வலைத் துண்டுகளும் பிளாஸ்டிக் பாட்டில்களும் ஒதுங்கிக் கிடந்தன. வானம் மூடியிருந்தது, தண்ணீரும் அதே நிறத்தில் இருந்தது. மனித நடமாட்டம் இல்லை. அப்பா எங்களுக்காக நிற்காமல், வேட்டி சட்டையோடும் செருப்போடும் நேராகத் தண்ணீருக்குள் நடந்தார். இடுப்பளவுக்குப் போனதும் முங்கினார். எழுந்தார். மறுபடி முங்கினார். அலைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் முதுகு குலுங்குவது கரையிலிருந்தே தெரிந்தது. ஒரு செருப்பு மட்டும் கரைக்கு வந்தது.

அம்மாவை ஈர மணலில் உட்கார வைத்து, என் மேல் சாய்த்துக்கொண்டேன். தண்ணீர் வந்து அவள் பாதத்தைத் தொட்டது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. காலை உள்ளே இழுக்கவில்லை.

"எப்ப?" என்றாள்.

"காலையில."

"நல்ல மனுஷன். என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப, இவரு மணியப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அவருதான் 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டாரு." விரலால் ஈர மணலைக் கிளறினாள். "எனக்கு இந்தக் கோயிலுங்கள நெனச்சாத்தான் பயமா இருந்துச்சு."

"ஏம்மா?"

"ஒண்ணு விடாம ஏறிக் கேட்டுட்டு, அப்பறமும் நான் போயிட்டா, இந்த மனுஷன் எங்க போய் நிப்பாரு? கேக்காத ஒரு கோயிலாவது மிச்சம் இருக்கட்டும்."

நான் அழுதேன். அவள் என் முழங்கையைத் தட்டிக்கொண்டிருந்தாள், தொட்டில் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. அது அவளுக்குக் கைவந்த வேலை.

அப்பா தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து எங்கள் முன்னால் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. ஒற்றைச் செருப்பு காலில் இருந்தது. அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உனக்காக ஒரு வார்த்தை கேக்க முடியலையேடி. வாசல் வரைக்கும் வந்தும் கேக்க முடியலையே. இனி ஒரு வருஷம்..." 

அம்மா முந்தானையை இழுத்து அவர் தலையைத் துவட்டினாள். அவ்வளவு தூரம் கையைத் தூக்குவது அவளுக்கு வலி என்பது எனக்குத் தெரியும். விடாமல் துவட்டினாள்.

"கேட்ட வரைக்கும் போதும். இப்ப போய் உங்க அண்ணன் பக்கத்துல நில்லுங்க. நாளைக்கு எனக்கும் நீங்கதான நிக்கணும்? அப்ப யாராவது போன் பண்ணுவாங்க. காதுல விழக் கூடாதுன்னு போனை இவ கையில குடுத்துட்டு எங்கயாவது போயிடாதீங்க."

 போக மாட்டேன் என்று அப்பா தலையை ஆட்டினார்.

"இன்னொண்ணு. இவ காது நம்ம வீட்டுக் காதுதான். வேற வீட்டுக் காதுன்னு இனிமே சொல்லாதீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது அவருக்கு. ஈரக் கையை என் தலையில் வைத்தார். உப்புத் தண்ணீர் என் நெற்றியில் வழிந்தது. பிறகு எழுந்து, அம்மாவை அவரே தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தார். ஒதுங்கி வந்த செருப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் முன்னால் வந்து உட்காரவில்லை. பின்னால், மெத்தை ஓரத்தில், அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஈரத்தோடு உட்கார்ந்தார். அந்தக் காலில் மணல் ஒட்டியிருந்தது. அவர் தட்டிவிடவில்லை. காலண்டர் தாள் முன் இருக்கையில் கேட்பாரற்றுக் கிடந்தது. வண்டியைத் திருப்பினேன்.

வந்த வழியிலேயே போக வேண்டும். கோயில் வாசலைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்தேன். ஒருவர் உள்ளிருந்து அந்தப் பெரிய கதவை இழுத்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தைக் குடும்பம் வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. மணிச் சத்தம் நின்றிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அப்பா கும்பிடவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் தலையைத் திருப்பி, கதவு முழுக்கச் சேரும் வரைக்கும் பார்த்தாள்.

"சாத்திட்டாங்க" என்றாள். "நீங்க கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டீங்க, அவ்வளவுதான்."